லேபிள் முருகம்மாள் கேட்ட கேள்வி

எம். புதுப்பட்டிக்குப் போய் முருகம்மாள் வீடு எது என்று கேட்டால், எந்த முருகம்மாள் என்று திருப்பிக் கேட்பார்கள். ஊரில் ஏழெட்டு முருகம்மாள்கள் இருக்கிறார்கள். லேபிள் முருகம்மாள் என்று சொல்லிப் பாருங்கள், உடனே வழியைக் காட்டிவிடுவார்கள். கூடவே அவளைப் பற்றி ஒரு கதையும் கிடைக்கும். அப்படிக் கிடைத்த கதைகளில் ஒன்றுதான் இது. கூட்டிக் குறைத்துச் சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள் என்பதால் நடந்தது நடந்தபடியே இருக்கட்டும்.

முருகம்மாளின் அப்பா காலம்வரை அந்தக் குடும்பத்துக்கு அடுத்தவர் காட்டில் களை வெட்டுவதும் பருத்தி எடுப்பதும்தான் பிழைப்பு. மழை பெய்தால் வேலை, பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய முருகம்மாள், செல்லச்சாமியைக் கட்டிக்கொண்டு வந்து, மகளுக்கு நாலு வயதானபோது பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்தாள். வெடிமருந்து அறையெல்லாம் தனித்தனியாகத் தூரத்தில் இருக்கும். அவளுக்குக் கிடைத்தது வாசலை ஒட்டிய லேபிள் கொட்டகை. இருபத்து நாலு வருஷமாக அதே கொட்டகை, அதே மூலை. ஃபோர்மேன் மட்டும் மூன்று பேர் மாறிவிட்டார்கள்.

லேபிள் ஒட்டுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பூச்சட்டிக்கும் தரைச்சக்கரத்துக்கும் வருவது ஒரே வெள்ளை அட்டைப் பெட்டிதான். தான் யார், எங்கே போக வேண்டும் என்று அந்தப் பெட்டிக்கே தெரியாது. படம் போட்ட லேபிளை ஒட்டினால் குடோனுக்குப் போகும். மேலே ஒரு நீலப் பட்டையும் சேர்ந்தால் வெளிமாநில லோடு. சிவப்பு வட்டத்தை ஒட்டிவிட்டால் முடிந்தது கதை, நேரே கழிவுக்கு. எல்லாம் சின்னக் காகிதம் செய்கிற வேலை.

முருகம்மாளின் சொத்து அவளுடைய வலது கட்டைவிரல். இருநூறு பெட்டியை வரிசையாக அடுக்கி வைத்தால், ஓரத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போவாள். கண் எதிரே இருக்கிறவள் மேல் இருக்கும், வாய் ஏதாவது நையாண்டி பேசிக்கொண்டிருக்கும். நடுவில் விரல் நின்றுவிடும். "இதுல ஒட்டவே இல்ல" என்று ஒன்றைத் தள்ளுவாள். "இத ஒட்டிட்டு எவளோ பிச்சிருக்கா" என்று இன்னொன்றை இழுப்பாள். லேபிள் கோணலாக விழுந்தால் ஒரு மூச்சு விடுவதற்குள் தூக்கிவிட வேண்டும். அப்போது முழுசாக வரும், திருப்பி ஒட்டலாம். தாமதித்தால் பசை பெட்டியோடு நின்றுவிடும், கையில் வெறும் படம்தான் வரும். அது குப்பைக் கூடைக்கு. இந்த ஒரு மூச்சுக் கணக்கில் அவளை மிஞ்ச அந்தக் கொட்டகையில் ஆள் இல்லை. அவளே அடிக்கடி சொல்லிக்கொள்வாள், வேறு யாரும் சொல்லக் காத்திருப்பதில்லை.

அவளுக்கும் செல்லச்சாமிக்கும் ஒரே மகள், சினேகா. சினேகா பத்தாவது படித்த வருஷம் வீட்டுப் பசுவுக்குக் கோமாரி வந்தது. வாயில் புண், குளம்பில் புண், எச்சில் வடிய நின்றது. பசு எப்படியோ தேறிவிட்டது. கன்று தேறவில்லை. வாய் பேசாத ஜீவனுக்கு வந்த நோய் முற்றுகிறவரை ஒருவருக்கும் தெரியவில்லையே என்று அந்தப் பெண் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு விலங்கியல் படித்தாள், மேலே படித்தாள், மதுரையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். சேர்ந்து அஞ்சு வருஷம் ஆகிவிட்டது.

இந்த அஞ்சு வருஷமும் லேபிள் கொட்டகையில் முருகம்மாளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

"யக்கா, சினேகா என்னதான் படிக்கா?" என்று செல்வலட்சுமி கேட்பாள். எதிரில் உட்கார்ந்து ஒட்டுகிறவள், முருகம்மாளைவிடப் பத்து வயது இளையவள், வாய் மட்டும் சரிக்குச் சரி.

"கிருமியப் பத்திப் படிக்கா."

"போன வருசமும் அதத்தானே சொன்னீக?"

"இந்த வருசமும் அதே கிருமிதான்."

"ஒரு கிருமிக்கா அஞ்சு வருசம்? நம்ம டாக்டரு ஒரே ஊசில கொல்லுதாரு!"

கொட்டகையே சிரிக்கும். முருகம்மாளும் சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் ஒன்று இருந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கலுக்கு சினேகா வந்திருந்தாள். மகள் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ வண்ண வண்ணப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். முருகம்மாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே, "இது என்னத்தா, பூச்சட்டி லேபிளு மாதிரி இருக்கு? எனக்கும் சொல்லேன்" என்றாள்.

"சொன்னா உனக்குப் புரியாதும்மா."

அவ்வளவுதான். சினேகா அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அடுத்த நிமிஷமே எழுந்து வந்து பாதி வெங்காயத்தை உரித்தும் கொடுத்தாள். என்றாலும் அந்த வார்த்தை முருகம்மாளிடம் தங்கிவிட்டது. தன் மகளுடைய அஞ்சு வருஷம் தனக்குப் புரியாமலே போய்விடுமோ என்று பயந்தாள். சிரித்துப் பேசுகிறவளுக்கு அப்படியொரு பயம் இருக்கும் என்று செல்லச்சாமிகூட நினைக்கவில்லை.

இந்த ஆனி மாதம் சினேகா போன் செய்தாள். எழுதிக் கொடுத்த ஆராய்ச்சியை ஏற்றுக்கொண்டார்களாம், கடைசியாக ஒரு வாய்மொழித் தேர்வு இருக்கிறதாம்.

"பொதுத் தேர்வுன்னு பேரும்மா. யாரு வேணாலும் வரலாம், உக்காந்து கேக்கலாம், கேள்விகூடக் கேக்கலாம். கேட்டா அதுக்கு நா பதில் சொல்லியாகணும்."

"நாங்கூட வரலாமா?"

"நீ வராமயா? அப்பாவையும் கூட்டிட்டு வா. ஆனா ரெண்டு மணி நேரமும் இங்கிலீஷ்லதான் போகும். உனக்கு அலுப்பா இருக்கும்மா."

"அலுத்தா நா பாத்துக்கிடுதேன்" என்றாள் முருகம்மாள். போனை வைத்துவிட்டுச் செல்லச்சாமியிடம் சொன்னாள்: "ஒரே ஒரு விசயமாவது புரிஞ்சிட்டுத்தான் அந்த எடத்தவிட்டு எந்திரிப்பேன். எந்திரிக்கலன்னா நீங்க பஸ்ஸுக்குப் போங்க."

செல்லச்சாமி லாரியில் லோடு ஏற்றுகிறவர். நாள் முழுக்கப் பெட்டியைத் தூக்கினாலும் தூக்குவார், பேச்சைத் தூக்கிக் கொண்டாட மாட்டார். "சரி" என்றார்.

இந்தத் தேர்வில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர்களுக்கெல்லாம் தேர்வுக்கு நிற்கிற பிள்ளைதான் டீயும் பலகாரமும் கொடுக்க வேண்டும். சினேகா மதுரையில் ஒரு பேக்கரியில் சொல்லிவிடுகிறேன் என்றாள். முருகம்மாள் விடுவாளா? தங்கள் பசுவின் பாலோடு பக்கத்து வீட்டுப் பாலையும் வாங்கிச் சேர்த்து அவளே பால்கோவா கிண்டினாள். செல்லச்சாமி சாத்தூருக்குப் போய்க் காராசேவு வாங்கி வந்தார். எண்பது பேருக்கு ஆளுக்கொரு பெட்டி. பெட்டிக்கு எங்கே போவது?

இங்கேதான் சிவகாசிப் பக்கத்து ஆள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தை முருகம்மாள் செய்தாள். கம்பெனியில் பூச்சட்டி லேபிளைப் புது டிசைனுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய லேபிள் ஒட்டிய காலிப் பெட்டிகள் கொட்டகையில் கிடந்தன. எல்லாம் மருந்துப் பக்கமே போகாத புத்தம்புதுப் பெட்டிகள். ஃபோர்மேன் கருத்தப்பாண்டியைக் கேட்டாள்.

"வேணும்ங்கிறத எடுத்துட்டுப் போங்கக்கா. நம்ம சினேகாவுக்குத்தானே" என்றார் அவர்.

மகளுடைய வாத்தியார்களுக்கு பொறி கக்குகிற பூச்சட்டிப் படம் போட்ட பெட்டியில் பால்கோவா கொடுப்பதா? நன்றாகவா இருக்கும்? ஆகவே முருகம்மாளும் செல்வலட்சுமியும் உட்கார்ந்து எண்பது லேபிளையும் உரித்தார்கள். ஒட்டி ஒரு வருஷமான லேபிள் லேசில் வருமா? படம் மட்டும் தோல் மாதிரி உரிந்து வந்தது. பெட்டி மேல் வெள்ளையாய்ப் பசையும் நார் நாராய்க் காகிதமும் நின்றன. சிலவற்றில் ஒரு நட்சத்திரம், சிலவற்றில் பூச்சட்டியின் அடிப்பாகம். எண்பதையும் அடுக்கிய இரண்டு பெரிய பெட்டிகளிலும் அதே கதைதான்.

"அழகாத்தான் இருக்கு" என்றாள் செல்வலட்சுமி, அழகாக இல்லை என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள்.

தேர்வு காலை பதினோரு மணிக்கு. முருகம்மாள், செல்லச்சாமி, ஒரு நாள் லீவு போட்ட செல்வலட்சுமி, மூவரும் சிவகாசியில் எட்டரை மணி மதுரை பஸ்ஸைப் பிடித்தார்கள். பெரிய பெட்டி இரண்டும் சீட்டுக்கு அடியில். திருத்தங்கல் தாண்டியதும் டிக்கெட் போட்டுக்கொண்டு வந்த கண்டக்டரின் கால் பெட்டியில் இடித்தது. குனிந்து பார்த்தார். ஒரு விரலால் மேல்பக்கத்தைத் தடவினார்.

"என்னம்மா இருக்கு உள்ள?"

"பால்கோவாவும் சேவும் தம்பி."

"பட்டாசுப் பெட்டில பால்கோவாவா? பஸ்ல பட்டாசு ஏத்தக் கூடாதுன்னு தெரியும்ல?"

"பட்டாசுன்னு எங்க எழுதியிருக்கு? லேபிளே இல்லியே!"

கண்டக்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "லேபிள் இல்லாத பெட்டின்னா நா பாட்டுக்குப் போயிருப்பேன்மா. இது லேபிள் கிழிச்ச பெட்டி. ஒட்டினத ஏன் கிழிச்சீக? கிழிச்சதுனாலதான் கேக்கேன்."

முருகம்மாளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கூடவே ஒரு மரியாதையும் வந்தது. தன்னைப்போல் விரலால் பார்க்கத் தெரிந்த இன்னொரு ஆளை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றது. கண்டக்டர் கூப்பிட்டு, பஸ் ஸ்டாண்ட் நேரக் காப்பாளர் வந்தார். முருகம்மாள் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினாள். மேலே இருப்பது பலகாரம், அடியில் இருப்பது என்ன என்றார். அடுத்ததைத் திறந்தாள். பிறகு பயணிகளே பொறுமை இழந்து ஆளுக்கு ரெண்டைத் திறந்து, "இதுலயும் கோவாதான் சார்", "இங்கனயும் சேவுதான்" என்று சாட்சி சொன்னார்கள். பஸ் முழுக்கப் பால்கோவா வாசனை. கடைசிப் பெட்டி திறந்தபோது கண்டக்டருக்கே வெட்கமாகிவிட்டது.

"எதுக்குமா இம்புட்டு?"

"எம்மக டாக்டராகப் போறா. கிருமி டாக்டரு."

"மொதல்லயே சொல்லக் கூடாதா!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கும் டிரைவருக்கும் நேரக் காப்பாளருக்கும் ஒவ்வொரு பெட்டி கொடுத்தாள். பின் சீட்டில் அழுத குழந்தைக்கும் ஒன்று போனது. அரை மணி நேரம் தாமதம். அதை ஈடுகட்ட டிரைவர் மதுரைவரை ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை.

கல்லூரி ஹாலுக்குள் மூவரும் நுழைந்தபோது சினேகா மேடையில் நின்று பேசத் தொடங்கியிருந்தாள். மேடைக்குப் பக்கத்தில் அவளுடைய ஆராய்ச்சியை வழிநடத்திய பேராசிரியை ஆவுடைத்தாய் உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சீனிவாசகம், கால்நடை மருத்துவப் பேராசிரியர், நரைத்த மீசை. வாசலில் இருந்த தாளில் வந்தவர்கள் எல்லாம் பெயரும் துறையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் என்று மேலிருந்து கீழே ஓடியது. முருகம்மாள் பெயரை எழுதினாள். துறை என்ற கட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். மடியில் ஒரு பலகாரப் பெட்டி.

பேச்சு சினேகா சொன்ன மாதிரியே இங்கிலீஷில்தான் போனது. திரையில் உருண்டைகள் வந்தன, உருண்டை மேல் குட்டி உருண்டைகள் ஒட்டின, விலகின. கருப்புக் கோடுகள் வந்தன. முருகம்மாள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து கண்ணிமைக்காமல் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. மகள் நின்ற நிலையும் கையை நீட்டிக் காட்டிய விதமும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. அதற்காக வரவில்லையே அவள்! அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. செல்வலட்சுமி கொட்டாவியை முந்தானையில் மறைத்தாள். புரியாமலே முடிந்துவிடப் போகிறது என்றே முருகம்மாளுக்குத் தோன்றியது.

பேச்சு முடிந்து கேள்விகள் தொடங்கின. யார் யாரோ கேட்டார்கள், சினேகா தட்டாமல் சொன்னாள். கடைசியாகச் சீனிவாசகம் மைக்கைக் கையில் எடுத்தார். இங்கிலீஷில் ஆரம்பித்தவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களையும் துண்டு போட்ட செல்லச்சாமியையும் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"அவுக யாரு, உங்க வீட்டாளுகளா?"

"அம்மா, அப்பா, சித்திங்கய்யா" என்றாள் சினேகா.

"அப்பச் சரி. பொதுத் தேர்வுன்னா பொதுவுக்கும் புரியணும்ல? இப்ப சொன்னத அவுகளுக்குச் சொல்லும்மா. அப்புறம் நா என் கேள்வியக் கேக்கேன்."

அதுவரை தண்ணீர் பட்ட பாடாகப் பேசிய பெண் திணறிப்போனாள். வாயைத் திறந்தாள், இங்கிலீஷ் வார்த்தைதான் முன்னால் வந்து நின்றது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா மடியில் வைத்திருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு கம்பெனி மாதிரி. உள்ள ஆயிரக்கணக்குல புரதம் வேல பாக்குது. எது எங்க போகணும், எது வேல பாக்கணும், எது கழிவுக்குப் போகணும்னு அதுகளுக்குத் தெரியாது. செல்லு ஒவ்வொண்ணுலயும் ஒரு குட்டி லேபிள ஒட்டும். அந்த லேபிளும் ஒரு புரதந்தான்."

செல்வலட்சுமி கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினாள்.

"உள்ள வைரஸ் வந்துட்டா, செல்லு அவசரமா ஒரு தனி லேபிள அச்சடிக்கும். சாதாரண நாள்ல அது வெளிய வராது. அத காவக்காரப் புரதத்து மேல ஒட்டினா காவக்காரன் உசாராயிருவான், சத்தம் போட்டு ஊரக் கூட்டுவான். கோமாரி வைரஸுக்கு இது தெரியும். அதனால வரும்போதே கையோட ஒரு கத்திரியக் கொண்டு வருது. செல்லு ஒட்ட ஒட்ட அது வெட்டிருது. காவக்காரன் சும்மா இருந்துருதான். வைரஸ் பெருகிருது. மாட்டப் பாத்தா நமக்கு ஒண்ணும் தெரியாது."

முருகம்மாள் இன்னும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். எச்சில் வடிய நின்ற பசு கண்ணுக்குள் வந்தது.

"நல்லாச் சொன்ன" என்றார் சீனிவாசகம். "இப்ப என் கேள்வி. லேபிள் இல்லாத ஒரு புரதம் உன் கைக்கு வருது. அதுல லேபிள ஒட்டவே இல்லியா, ஒட்டினத வைரஸ் வெட்டிருச்சான்னு நீ எப்படிக் கண்டுபிடிப்ப?"

சினேகா பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"தடவிப் பாத்தாத் தெரிஞ்சுரும்ல!"

கடைசி வரிசையிலிருந்து வந்த குரல். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தன் வாயிலிருந்துதான் வந்தது என்று தெரிந்ததும் முருகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்லச்சாமி சீட்டுக்குள் இறங்கி ஒளிந்துகொள்ளப் பார்த்தார்.

"சும்மா எந்திரிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார் சீனிவாசகம்.

எழுந்தாள். பெட்டியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தாள். "ஐயா, ஒட்டாத பெட்டி வழுவழுன்னு இருக்கும். ஒட்டிக் கிழிச்ச பெட்டில பச மிச்சம் நிக்கும். இந்தா பாருங்க. காலைல கண்டக்டர் தம்பி இத வச்சுத்தான் எங்களப் பிடிச்சாரு. லேபிள் இல்லாதத அவரு கண்டுக்கலய்யா. கிழிச்சதுனாலதான் கேக்கேன்னாரு. அது மாதிரி, அந்தக் கத்திரி வெட்டுன எடத்துலயும் ஏதாச்சும் மிச்சம் இருக்கத்தானே செய்யும்?"

பெட்டி கைமாறிக் கைமாறி முன்வரிசைக்குப் போனது. சீனிவாசகம் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், பாதி நட்சத்திரத்தின் மேல் விரல் நின்றது. மேடையைப் பார்த்தார். "இருக்குமா?"

சினேகா முகத்தில் அப்படியொரு சிரிப்பு. "இருக்குங்கய்யா. புரதம்னா ஒரு சங்கிலி மாதிரி. லேபிள் புரதத்தோட வால் நுனில ரெண்டே ரெண்டு கண்ணி. கோமாரியோட கத்திரி அந்த ரெண்டுக்கும் முன்னால வெட்டிருது. வெட்டினப்புறமும் அந்த ரெண்டு கண்ணியும் காவக்காரன் மேல ஒட்டிக்கிட்டு நிக்கும். வெட்டு இப்படித்தான் விழுதுன்னு வெளிநாட்டுல முன்னாடியே கண்டுபிடிச்சிட்டாங்க. மாட்டு செல்லுல அந்த மிச்சத்த லேசாத் தேடிப் பிடிக்க ஒரு வழி. அதுதான் என்னோட அஞ்சு வருசம். வைரஸ நா தொடல, அதோட கத்திரிய மட்டும் தனியாச் செஞ்சு பாத்தேன். மாட்டுக்குப் போக இன்னும் தூரம் இருக்கு."

"அஞ்சு வருசத்த உங்கம்மா ஒரு பெட்டில போட்டுட்டாக" என்றார் சீனிவாசகம். ஹால் சிரித்தது. முருகம்மாள் உட்காரவில்லை.

"ஐயா, நானும் ஒரு கேள்வி கேக்கலாங்களா?"

"பொதுத் தேர்வும்மா. தாராளமாக் கேளுங்க."

"இம்புட்டு வெவரமான திருட்டுப் பய, அந்த ரெண்டு கண்ணியையும் சேத்துச் சுரண்டிட்டுப் போயிருக்கலாம்ல? ஏன் தடயத்த விட்டுட்டுப் போறான்?"

யாரும் சிரிக்கவில்லை. ஆவுடைத்தாய் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். சினேகா மேடையின் விளிம்புவரை வந்து நின்றாள். இங்கிலீஷ் வார்த்தையைத் தேடவில்லை, எந்த வார்த்தையையும் தேடவில்லை.

"எம்மா, லேபிள ஒட்ட வைக்கிற பச அந்த ரெண்டு கண்ணிலதாம்மா இருக்கு."

முருகம்மாளின் கட்டைவிரல் சும்மா இருக்காமல் ஆள்காட்டி விரலைத் தடவியது. ஒரு மூச்சுக்குள் தூக்கினால் முழுசாக வரும் லேபிளும், தாமதித்தால் பசையைப் பெட்டியில் விட்டுவிட்டு வெறும் படமாக வரும் லேபிளும் கொட்டகைக் கூடையோடு அவள் கண் முன்னால் நின்றன.

"அப்பச் சரி!" என்று கையைத் தட்டினாள். "சுத்தமா உரிச்சா, செல்லு அதே லேபிள எடுத்துத் திரும்ப ஒட்டிரும். பச பெட்டியோட போயிட்டா லேபிளு வெறும் படம். குப்பைக்குத்தான் ஆகும். மறுபடி ஒட்டவே முடியாது! அதுக்குத்தான் அப்படி வெட்டுதான், இல்லத்தா?"

"அதேதாம்மா" என்றாள் சினேகா. "லேபிளயே செல்லாக்காசாக்கிருது. ஆனா அந்த வெட்டுதான் நமக்குக் காட்டியும் கொடுத்துருது."

முதலில் கைதட்டியது செல்லச்சாமி. பேச்சைக் கொண்டாடாத மனிதர் எழுந்து நின்று, லோடு ஏற்றிக் காய்த்த இரண்டு கையாலும் தட்டினார். அப்புறம் ஹாலே தட்டியது. முருகம்மாளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். புரிந்துவிட்டது என்கிற சந்தோஷம் வேறு தனியாக.

தேர்வு முடிவில் அறிக்கையை வாசிப்பது இன்னொரு வழக்கம். ஆவுடைத்தாய் எழுந்து, ஆராய்ச்சியாளர் தேர்ச்சி பெற்றார் என்று வாசித்தார். பிறகு பார்வையாளர் கேட்ட கேள்விகளும் கேட்டவர்களின் பெயரும் துறையும். முதல் கேள்வி, நுண்ணுயிரியல் துறை. இரண்டாவது, விலங்கியல் துறை. நாலாவதற்கு வந்ததும் நிறுத்தி, கையெழுத்துத் தாளைப் பார்த்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"வைரஸ் ஏன் லேபிளின் மிச்சத்தை விட்டுச் செல்கிறது? கேட்டவர், முருகம்மாள். அம்மா, துறைங்கிற கட்டத்துல நீங்க ஒண்ணும் எழுதலியே. என்ன போடட்டும்?"

முருகம்மாள் மகளைப் பார்த்தாள். மேடையிலிருந்த சினேகாதான் சொன்னாள், மைக்கிலேயே சொன்னாள்.

"லேபிள் துறைன்னு போடுங்க மேடம். இருபத்து நாலு வருச அனுபவம்."

ஆவுடைத்தாய் அப்படியே எழுதினார். கல்லூரி அலமாரியில் அந்தத் தாள் இன்றைக்கும் இருக்கிறது. அதன் ஒரு நகல் எம். புதுப்பட்டி லேபிள் கொட்டகையில், கருத்தப்பாண்டியின் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறது. ஒட்டியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு கோணல் கிடையாது.

அன்று சாயங்காலம் சினேகாவும் அவர்களோடு ஊருக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மா, பக்கத்தில் மகள். மதுரையைத் தாண்டியதும் முருகம்மாள் மீதிப் பெட்டியைத் திறந்து சேவை நீட்டினாள். "நம்ம செவப்பு வட்டம் மாதிரி ஒண்ண ஒட்டிச் செல்லு கழிவுக்கு அனுப்புதே, அது என்ன லேபிளு? அத நீ இன்னும் சொல்லலியே."

"அது வேறம்மா, அது பெரிய கத" என்று ஆரம்பித்த சினேகா சட்டென்று நிறுத்தி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு கை சேவை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, காலை மடக்கி அம்மா பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். விருதுநகர் வந்தபோதும் சொல்லி முடியவில்லை. நடுவில் முருகம்மாள் பதினோரு கேள்வி கேட்டாள். புரியாது என்று சினேகா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.